ஆற்றை வலது?

சாப்பாட்டு மேசை ஐந்தடி.
செட்டை எட்டடி.
மிச்ச மூன்றடியும் பிரிட்ஜ் கதவை மறித்து நிற்க,
"அப்ப இண்டைக்கு மீன் உள்ளுக்கையே கிடக்கட்டும்"
என்கிறாள் மெற்றில்டா.

நாலு சேர்வோ. ஒரே கொம்பனி, ஒரே நிறை,
நாலுக்கும் நாலு குணம்.
கையை நட்டுக்குத்தாய்ப் பூட்டினால்
ஒரு பாகை முன்னால் சரிகிறது.
கழற்றி ஒரு பல்லுத் தள்ளிப் பூட்டினால்
பதின்மூன்று பாகை பின்னால்.
பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் கிடப்பதை
ரிமோட்டுக்குள் எண்ணாய்த்தான் எழுதவேண்டும்.
சப் ட்ரிம், கழித்தல் ஏழு.

பிளாப்புகளின் கையை மட்டும்
வேணுமெண்டே சரித்துப் பூட்டினேன்.
அவற்றுக்கு மேலே போக வேலையில்லை.
கீழேதான் தொங்கவேண்டும்,
கூரை ஓடு கழன்றதுபோல.

ஐஸ்பழக் குச்சியில் பேனையால் கோடு:
எயிலரன் மேலே பதினான்கு மில்லிமீற்றர்,
கீழே ஏழு.
ஏன் பாதி என்று அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்,
கீழே இறங்கும் இலைதான் காற்றைக் கூடுதலாய்ப் பிடித்திழுக்கும்,
மூக்கு எதிர்ப்பக்கம் கோணும் என்று சொல்லியிருப்பேன்.
கேட்காதபடியால் பிரிட்ஜுக்குச் சொன்னேன்.

"வலது" என்று குச்சியைத் தள்ளினேன்.
மூக்கைப் பிடித்தபடி எதிரே நின்றவள்
"ஆற்றை வலது?" என்றாள்.

பெரியாஸ்பத்திரி எக்ஸ்றே அறையில்
பத்தொன்பது வருசம்.
ஈயத்தில் வெட்டிய ஓர் எழுத்தை
ஓரத்தில் வைக்காமல்
ஒரு நெஞ்சையும் அவள் படமெடுத்ததில்லை.
வலது எப்பவும் படுத்திருக்கிறவருடைய வலது.
பார்க்கிறவரின் கை எந்தப் பக்கம் என்பது
பார்க்கிறவரின் கரைச்சல்.
ஒருக்கால், ஒரேயொருக்கால்,
எழுத்து மாறி விழுந்த படமொன்று
சத்திரசிகிச்சைக் கூடத்தின் வாசல்வரை போய்த் திரும்பியதாம்.
அதைப்பற்றி எனக்குச் சொன்னது அவ்வளவுதான்.

மறுபடி தள்ளினேன்.
"பிளேனின்ரை வலது கீழை போகுது.
வலம் திரும்ப அது மேலையல்லோ ஏறவேணும்?"

ஏறவேண்டும்.
மூன்று கிழமையாய் நானே பொருத்தி
நானே அதன் முகத்துக்கு முகம் நின்று
சரியென்று வைத்திருந்தேன்.
மெனுவில் இரண்டாம் பக்கம். ரிவேர்ஸ். ஓர் அழுத்து.

ஆஸ்பத்திரிப் பிளாஸ்ரரில் ஒரு துண்டு கிழித்து
செட்டை முனையில் ஒட்டி
'வ' என்று எழுதினாள்.
அரைக் கிராம் இருக்கும்.
மற்ற முனையில் அரைக் கிராம் களிமண் அப்பினேன்.

ஞாயிறு, முதற்பூசை முடிய, மணற்காடு.
வாடை கடலிலிருந்து நேரே வந்து
மேட்டில் முட்டி மேலேறுகிறது.
வாயெல்லாம் மணல்.
எறிவதற்கு முன் அவள் ஒருமுறை கேட்டாள்,
நான் தள்ளினேன், 'வ' ஏறியது.
எறிந்தாள்.

சத்தமேயில்லை.
கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தவர்
நிழல் கடந்ததும் திடுக்கிட்டு அண்ணாந்தார்.
காது கொடுத்தார்.
கேட்க ஒன்றுமில்லை என்றானபின்
இன்னும் கொஞ்சநேரம் பார்த்தார், சும்மா.

பதினொரு நிமிடம் மிதந்தது.
பிறகு இடக்குச்சியைக் கீழே இழுத்தேன்.
பிளாப் இரண்டும் தொங்க, எயிலரன் இரண்டும் நிமிர,
மூக்குத் தூக்காதிருக்க வாலில் மூன்று மில்லிமீற்றர்.
மதிலில் குந்தமுன் காகம்
காற்றை நெஞ்சால் தள்ளி நிற்குமே,
அப்படி நின்றது.
அப்படி நின்றதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில்
ஒருமுழ உயரத்தில் பிளாப்பை மடக்க மறந்தேன்.

கிர்ர்.

மெற்றில்டாதான் ஓடிப்போய்த் தூக்கினாள்.
தட்ட, மணல் கொட்டியது.
செட்டையைக் காதோடு வைத்துக் குலுக்கினாள்.
உள்ளே பிளாஸ்ரிக் பல்லு இரண்டோ மூன்றோ உருண்டது.
"முறிவுதான்," என்றாள்,
"இடது பிளாப். படம் தேவையில்லை."